149 ரூபாய் வரும் வழி

குனிந்து வாங்க, இந்த ஷட்டர் பாதிதான் ஏறும். வந்தாச்சா? இப்போது நாம் நிற்பது இளம்பிள்ளையில் ஒரு மொத்த சேலை வியாபாரியின் கடைக்குப் பின்பக்கம். சேலை வாங்க வருகிறவர்களை யாரும் இங்கே கூட்டி வருவதில்லை. முன்பக்கத்தில் ஏசி, வெள்ளை மெத்தை, விசிறி விசிறி விரித்துக் காட்டும் பையன்கள். இங்கே அட்டைப்பெட்டி, கிழிந்த பாலிதீன், ஒரு பிளாஸ்டிக் குடம், கறகறவென்று சுற்றும் ஃபேன், கால் வைக்கும் இடமெல்லாம் சேலை. சேலத்திலிருந்து வரும்போது கஞ்சமலையும் சித்தர் கோவிலும் கடந்ததுமே விசைத்தறிச் சத்தம் காதில் விழத் தொடங்கிவிடும். அந்தத் தறிகள் நெய்து தள்ளுவதில் ஒரு பங்கு இந்த அறைக்குள்தான் வந்து குவிகிறது.

இந்த அறைக்குள் நுழைய எனக்கு ரொம்ப நாள் ஆசை! 'புது கலெக்‌ஷன், சிங்கிள் பீஸும் கிடைக்கும்' என்று தினமும் ஸ்டேட்டஸ் வைக்கும் பக்கத்துத் தெரு அக்காவும் பழைய ஆபீஸ் சிநேகிதியும் அந்தச் சேலையைக் கையால் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஆர்டர் வந்த பிறகு சேலை இங்கிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போகும். யூடியூப்பில் ட்ராப்ஷிப்பிங் என்று கோட்டு போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறார்களே, அதேதான். இங்கே ரீசெல்லிங் என்பார்கள். 2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோவும் ஆரம்பத்தில் வளர்ந்தது இப்படி வாட்ஸ்அப்பில் விற்ற பெண்களை நம்பித்தான். மாதம் லட்ச ரூபாய் என்று ஆசை காட்டும் வீடியோக்கள் ஏராளம். ஒரு சேலையின் பின்னாலேயே போய், அது ஒரு பெண்ணின் கையில் எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்று பார்த்துவிடலாம், வாங்க. அதோ, மயில் பச்சை, அரக்கு பார்டர். அதைப் பிடித்துக்கொள்வோம்.

முதலில் அதற்குப் போட்டோ. மூலையில் ஒரு பொம்மை நிற்கிறது, தலை உடைந்து போனது. "கழுத்து வரைக்கும்தானே போட்டோ, தலை எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே தம்பி ஒருவன் மடிப்பு வைக்கிறான். முன்னாலிருந்து பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி அம்சமாக இருக்கிறது. பின்னால் வந்து பாருங்கள்! இடுப்பிலிருந்து தோள் வரை வரிசையாகத் துணி கிளிப், மிச்சத் துணியைச் சுருட்டி முதுகில் ஒரு மூட்டை. முந்தி பறக்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்துகிறான். அவ்வளவுதான், பேக்கிங் பெண்களிடமிருந்து கூச்சல் கிளம்புகிறது. "டேய், சீக்கிரம் எடுடா, வெந்து போறோம்!" தகரக் கூரை, சித்திரை வெயில். எல்லார் நெற்றியிலும் வேர்வை வழிகிறது. சேலையில் ஒரு சொட்டு விழக் கூடாதே என்று தம்பி தோளில் துண்டு போட்டுக்கொண்டுதான் போனைத் தூக்குகிறான்.

எடுத்ததைப் பார்த்தால் பச்சை நீலமாகத் தெரிகிறது. லைட்டைத் தள்ளி வைத்தான், அப்போதும் நீலம்தான். கடைசியில் பொம்மையை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் எடுத்தான். கடைக்கார அண்ணன் வந்து போனையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே தலையாட்டினார். "கலர் மாறுச்சுன்னா கஸ்டமர் என்னையா திட்டுவாங்க? ரீசெல்லரைத்தான் பிடிப்பாங்க. அவங்க பாவம், சேலையைக் கண்ணாலயே பார்த்திருக்க மாட்டாங்க." படத்துடன் விலை போகிறது: 580, ஷிப்பிங் எக்ஸ்ட்ரா. வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 1,024 பேர்தான் சேரலாம். அண்ணனிடம் அப்படி நிரம்பி வழியும் குரூப்கள் பல. அனுப்பிய நொடியே போன் அதிர ஆரம்பித்துவிட்டது.

அந்தப் படம் போய் இறங்கிய வீட்டுக்குப் போவோம், வாங்க. சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மாடி வீடு. ரீசெல்லர் அக்கா ஒருத்தி அடுப்படியில் இருக்கிறாள். போன் மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்ந்திருக்கிறது. ஒரு கையில் ரசக் கரண்டி, ஈரமான மறுகையைப் புடவையில் துடைத்துத் துடைத்து டைப் செய்கிறாள். '799, ஃப்ரீ ஷிப்பிங்.' அவளுடைய அக்கா மகள் காலேஜ் முடித்துவிட்டு இந்த வியாபாரம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள், டைனிங் டேபிளில் உட்கார்ந்து லோகோ வரைந்துகொண்டிருக்கிறாள். "ஸ்டேட்டஸ் போட்டாச்சா சித்தி?" "போட்டாச்சுடி. ரசத்தை இறக்கு."

பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அவர்களிலும் நம் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே மெசேஜ் போய்ச் சேரும். அதனால்தான் அக்கா யாரிடம் பேசினாலும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்றுதான் முடிப்பாளாம். அவளுடைய முதல் என்று பார்த்தால் இந்த சேவ் ஆன நம்பர்கள்தான். இதைக் கேட்டதும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பதில்கள் வரத் தொடங்கின. ஜாக்கெட் பிட் இருக்கா? ரன்னிங்கா, கான்ட்ராஸ்டா? முந்தி மட்டும் தனியா ஒரு போட்டோ. வேற கலர்? கடைசி விலை? இத்தனையும் கேட்டுவிட்டு நாமக்கல்காரம்மா ஒருவர், "வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மனுஷனுக்கு இந்நேரம் என் சேலை டிசைன் அத்தனையும் மனப்பாடம் ஆகியிருக்கும்!" அடுத்து வந்தது திருவாரூர். ஒரே வரி: 'பச்சை வேணும்.' அக்கா துள்ளி எழுந்தாலும் உடனே பணம் கேட்கவில்லை. இளம்பிள்ளைக்கு ஒரு மெசேஜ், "பச்சை இருக்காண்ணா?" அங்கிருந்து 'இருக்கு' என்று வந்த பிறகே இங்கே ஜிபே நம்பர் போனது. பணத்தை வாங்கிவிட்டு ஸ்டாக் இல்லை என்று சொல்வதைவிட இந்தத் தொழிலில் பெரிய அவமானம் இல்லையாம்.

டிங். 799 வந்தாச்சு! நானும் மகளும் கத்திவிட்டோம். அக்கா கத்தவில்லை, பீரோவின் மேலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தாள். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், கிட்டே வாங்க. சேலை 580, கூரியர் 70, ஆக 650. மீதி 149. இது ஒரு சேலைக்கு. போன மாதம் 45 சேலை போயிருக்கிறது, 6,705. "அடேங்கப்பா" என்றாள் மகள். "இரு, அடுத்த பக்கத்தைப் பாரு" என்றாள் அக்கா.

அடுத்த பக்கம் சிவப்பு மையில். இரண்டு சேலை திரும்பி வந்திருக்கிறது, போட்டோவில் பார்த்த கலர் இல்லை என்று. கிழிசல், அழுக்கு இருந்தால்தான் கடை மாற்றித் தரும், அதற்கும் பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ வேண்டும். கலர் பிடிக்கவில்லை என்றால் அது அக்கா தலையில். 799-ஐ அப்படியே திருப்பிக் கொடுத்து, திரும்பி வரும் கூரியர் 70-ம் கொடுத்து, அந்தச் சேலையைப் பக்கத்து வீட்டில் 600-க்குத் தள்ளினாள். வந்த லாபம் 149 போனதோடு மேலே 120 நஷ்டம். இரண்டு சேலைக்கும் சேர்த்து 538 கழிந்தது. இரண்டு போனுக்கு ரீசார்ஜ் 600. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் 1,000. கடைசி வரியில் கோடு போட்டு வட்டமிட்டிருந்தாள்: 4,567.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இந்தப் போனோடு போகிறது. அக்காவே வகுத்துப் பார்த்துச் சொன்னாள், மணிக்கு ஏறக்குறைய 50 ரூபாய். மகள் முகம் தொங்கிப்போனது. எனக்கோ அந்த நோட்டின் மேல் அவ்வளவு மரியாதை வந்தது. இந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் காட்ட வேண்டியது சிவப்பு மைப் பக்கத்தைத்தான். அதைப் பார்த்துவிட்டும் செய்யலாம் என்று தோன்றினால் துணிந்து இறங்கலாம். 4,567 ரூபாய் ஒரு வீட்டில் கேஸுக்கும் கரண்டுக்கும் பையன் டியூஷனுக்கும் ஆகிற பணம். தீபாவளி மாதத்தில் இது இரண்டு மடங்காகும் என்கிறாள். ஆடியில் பெரிய கடைகளின் தள்ளுபடியோடு மல்லுக்கட்ட முடியாமல் பாதியாகும். அதற்காக வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டால், கூடாது என்றே நான் சொல்வேன். அக்கா இன்னும் சத்தமாகவே சொல்வாள்.

"பெங்களூர்ல என் பிரெண்ட்ஸ் நிறையப் பேர் இருக்காங்க சித்தி, அவங்களுக்கு விக்கலாமே?" "ஓசூர் வரைக்கும் வில்லு. அதுக்கு அந்தப் பக்கம் போகணும்னா முதல்ல ஆடிட்டரைப் பாரு." தமிழ்நாட்டுக்குள் மட்டும் நேரடியாக விற்கிறவரை வருட வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநில எல்லை தாண்டி விற்பதற்குப் பதிவு வேண்டும். மகள் லோகோவின் ஓரத்தில் 'ஓசூர்' என்று எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மூவரும் இளம்பிள்ளைக்கு. பின்பக்க அறை இப்போது திருவிழாக் கூட்டம் மாதிரி. டேப் கிழிக்கும் சர்ர்ர் சத்தம் நாலு மூலையிலும். நம் மயில் பச்சை மேஜைக்கு வந்துவிட்டது! பேக்கிங் செய்கிற பெரியம்மா அதைப் பிரித்து, டியூப்லைட்டுக்குக் கீழே உடம்பு, பார்டர், முந்தி என்று விரலாலேயே ஓட்டிப் பார்க்கிறார். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, கத்தரித்தார். பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த 580 ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து மேஜை விளிம்பில் ஒட்டினார். அந்த விளிம்பு முழுக்க விலை ஸ்டிக்கர்தான், அடுக்கடுக்காக, பட்டையாக. "இது மட்டும் உள்ளே போயிட்டா அந்தப் புள்ள பொழப்பு போச்சு கண்ணு. 799 குடுத்தவங்க 580-ஐப் பார்த்தா அப்புறம் வருவாங்களா?" வாழ்நாளில் பார்த்தே இராத ஏதோ ஒரு ரீசெல்லருக்காக, ஒரு பார்சல் விடாமல் அந்த நகம் சுரண்டுகிறது. நாள் முழுக்க நான் பார்த்ததில் என்னை அப்படியே நிறுத்தி வைத்தது இதுதான்.

அனுப்புநர் சீட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடை பெயர். பூ பெயர், சாமி பெயர், குழந்தை பெயர். தமிழ்நாடு முழுக்க இருக்கும் அத்தனை கடைகளுக்கும் குடோன் இந்த ஒரு மேஜை! நம் பச்சை மேல் அக்கா கடை பெயர் விழுந்தது. பெயரை அவளுக்கு முன் மகள்தான் கண்டுபிடித்துக் குதித்தாள். தராசில் வைத்தார்கள், அரைக் கிலோவுக்குள் நின்றது. தாண்டியிருந்தால் கூரியர் ஏறியிருக்கும், 149-ல் கை வைத்திருக்கும். கூரியர் தம்பி ஏற்கனவே மூட்டையைக் கட்டிவிட்டான். "ஒரே ஒரு பீஸுண்ணா!" என்று ஒரு பெண் ஓடி வருகிறாள். "தினமும் இதையே சொல்றீங்க" என்று அவிழ்க்கிறான். அந்த ஒரே ஒரு பீஸுக்குப் பின்னால் ஆறு வந்து விழுந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, வண்டியை உதைத்துக் கிளப்பி அவன் போய்விட்டான், மயில் பச்சையோடு.

"வெப்சைட் எப்ப ஆரம்பிக்கலாம் சித்தி?" என்று மகள் மறுபடி தொடங்கினாள். "முதல்ல மூணு சேலையை உன் காசுல வாங்கு. ஒண்ணைத் துவை, ஒண்ணைக் கட்டு, ஒண்ணைப் பகல்லயும் ராத்திரியிலயும் போட்டோ எடுத்துப் பழகு. கேக்கறவங்களுக்குத் துணி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியணுமில்ல?" அரை மணி நேரம் அந்தக் குவியலில் புரண்டு மூன்றை எடுத்தாள்: 350-க்கு ஒரு காட்டன் மிக்ஸ், 580-ல் ஒன்று, 1,100-க்கு ஒரு சாஃப்ட் சில்க். பெரியம்மா 350-ஐக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். "துவைச்சிட்டுச் சொல்லு கண்ணு. சாயம் போச்சுன்னா நானே மொதலாளிகிட்ட சண்டை போடறேன்." முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது: "காதுல விழுது!"

மொத்தம் 2,030. "அந்த 30-ஐக் கழிச்சுக்கோங்கண்ணா" என்றாள் அக்கா. "ரீசெல்லர் ரேட்ல ஏதுக்கா கழிக்கறதுக்கு? பாப்பா முதல் ஆர்டர் எடுக்கட்டும், அந்த ஒரு கூரியர் என் கணக்கு" என்றார் அண்ணன். அவர் சொல்லி முடிப்பதற்குள் மகள் போனைத் திறந்து காலேஜ் குரூப்பில் கேட்டுவிட்டாள், யாருக்காவது சேலை வேணுமா என்று.