முதல் ஆட்டங்களின் ரசிகர்

ரசிகர் என்னும் சொல் இணுவிலில் முதலில் இசைக்கு உரியது. நாகசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற அவ்வூரில், கோயில் திருவிழா இரவுகளில் விடியும்வரை அமர்ந்து மேளக் கச்சேரி கேட்பவரையே மக்கள் ரசிகர் என்றனர். கச்சேரி முடியும் தறுவாயில் வந்து தலையசைப்பவருக்கு அப்பெயர் கிடைப்பதில்லை. ஆலாபனை தொடங்கும்போதே அவர் முன்வரிசையில் இருப்பார். எடுத்த இராகம் இன்னதென அயலவர் அறியுமுன் அறிவார். வித்துவானின் கை அன்று எப்படியிருக்கிறது என்பதை முதல் அரை மணியிலேயே உணர்ந்துகொள்வார். அச்சொல் இன்று விளையாட்டுக்கும் வழங்குகிறது. அங்கும் இலக்கணம் ஒன்றுதான். இறுதியாட்டத்தை ஊர் முழுவதும் பார்க்கும். பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தேடியிருந்து பார்ப்பவரே ரசிகர்.

அமெரிக்க நாட்டில் பேஸ்போல் ரசிகருக்கு இவ்வகையில் ஒரு தனிப் புகழ் உண்டு. பேஸ்போல் என்பது நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் எல்லே விளையாட்டுக்கு உறவு முறையான ஆட்டம். பந்தை அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீள வேண்டும். அந்நாட்டின் பெருந்தொடரில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதி தொடங்கிச் செப்டெம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏப்ரல் மாதத்தில் சொந்த ஊர் அணி அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களில் தோற்றாலும் அங்கே யாரும் உலை வைக்க மறப்பதில்லை. ஈடுசெய்ய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் எஞ்சியிருக்கின்றன. ஆகவே தொடக்கப் பருவம் அவர்களுக்குப் பொறுமையின் காலம். புதிய பந்துவீச்சாளர் தேறுவாரா, சென்ற ஆண்டு காயமுற்றவருக்குப் பழைய வேகம் மீண்டதா என்று ஆற அமரப் பார்த்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்து ரசிகருக்கு அத்தகைய ஆறுதல் இல்லை. 2020ஆம் ஆண்டில் இலங்கையில் லங்கா பிரீமியர் லீக் என்னும் இருபது ஓவர் துடுப்பாட்டத் தொடர் தொடங்கியபோது, ஐந்து அணிகளுள் ஒன்று யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கியது. ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்பது அதன் பெயர். முதற்சுற்றில் ஓர் அணிக்கு எட்டே ஆட்டங்கள். 162ஐ எட்டால் வகுத்துப் பார்த்தால் இங்குள்ள ஓர் ஆட்டம் அங்குள்ள இருபது ஆட்டங்களின் எடையைத் தாங்குவது புலப்படும். நான்கு ஆட்டங்கள் முடிந்தால் பாதிப் பருவம் முடிந்துவிட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் தொடக்கமே முடிவை நெருங்கிவிடுகிறது.

இணுவிலில் அத்தகைய ரசிகர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பகலெல்லாம் செம்மண் தோட்டத்தில் நிற்பவர், மாலையில் கால் கழுவி, படலையைச் சாத்திவிட்டுத் திண்ணையில் அமர்பவர், பேரப்பிள்ளைகளுக்கு அப்பு. தம் ஊரின் பெயர் பூண்ட அணி ஆடுவதைக் காண அவர் எங்கே போவது? அவ்வாண்டு எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில் நடைபெற்றன. அதுவோ தீவின் தென்கரை, இணுவிலோ வடமுனை. போகத் துணிந்தாலும் பயனில்லை. கொரோனாத் தொற்றுக் காரணமாக மைதானத்துள் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. இதில் விந்தையான ஒரு நீதியும் இருந்தது. மைதானத்து மதிலுக்கு அப்பால் குடியிருந்தவரும் இணுவில் ஒழுங்கையில் குடியிருந்தவரும் அன்று ஒரே தூரத்தில்தான் இருந்தனர்.

நவம்பர் 27ஆம் நாள் முதல் ஆட்டம். எதிரணி காலி கிளாடியேட்டர்ஸ். பாகிஸ்தானின் ஷஹீத் அப்ரிடி 23 பந்துகளில் 58 ஓட்டங்கள் விளாச, காலி அணி 175 ஓட்டங்களைச் சேர்த்தது. அதைத் துரத்திய யாழ்ப்பாண அணி இரண்டே விக்கெட்டுகளை இழந்து வென்றது. அவிஷ்க பெர்னாண்டோ ஆட்டமிழக்காமல் 92. இடையில் கார்த்திகை விளக்கீடு வந்து போயிற்று. 30ஆம் நாள் தம்புள்ள அணியுடன் நடந்த ஆட்டத்தில் அணித்தலைவர் திசர பெரேரா 44 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்களைக் குவித்தார். யாழ்ப்பாணம் 218, தம்புள்ள 152.

இந்த 66 ஓட்ட வித்தியாசத்தின் பயனைச் சற்று விளக்க வேண்டும். வெற்றிக்குக் கிடைப்பது இரண்டு புள்ளிகளே. ஓர் ஓட்டத்தால் வென்றாலும் நூறு ஓட்டத்தால் வென்றாலும் அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு அணிகள் புள்ளிகளில் சமமாக நின்றால், ஓர் ஓவருக்குத் தாம் எடுத்த ஓட்டங்களிலிருந்து எதிரிக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்து வரும் வீதத்தைப் பார்க்கிறார்கள். இருபது ஓவரில் 66 என்றால் ஓவருக்கு 3.3. இது பத்தாயத்தில் இட்ட நெல் போன்றது. பின்னர் பஞ்சம் வந்தால் உதவும். தொடக்க ஆட்டங்களிலேயே பெருவெற்றியை நாடுவதற்குக் காரணம் இதுவேயன்றி வெறும் வீம்பு அன்று.

டிசெம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிச் சூறாவளி கிழக்குக் கரையைக் கடந்து வந்தது. குடாநாட்டில் பெருமழை, தோட்டங்களில் வெள்ளம். நாற்று அழுகுமோ என்ற கவலையும் அணி என்ன ஆகுமோ என்ற கவலையும் ஒரே நெஞ்சில் இடம்பிடிப்பது ரசிகரின் இயல்பு. இரண்டாவது கவலையை வெளியே சொன்னால் வீட்டில் ஏச்சு விழும் என்பதும் அவர் அறிவார்.

டிசெம்பர் 4ஆம் நாள் கொழும்பு கிங்ஸ் அணியிடம் யாழ்ப்பாணம் தோற்றது. எனினும் அத்தொடக்கப் பருவத்தில் இணுவில் ரசிகர் மறவாத நாள் அதுவேயாகும். விஜயகாந்த் வியாஸ்காந்த் என்னும் சுழற்பந்து வீச்சாளர் அன்றுதான் முதன்முறையாகக் களமிறங்கினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் இருந்தது. அவர் வீசியது மணிக்கட்டைத் திருப்பிச் சுழற்றும் வகைப் பந்து. சிறிது பிசகினாலும் பந்து எல்லைக்கு வெளியே போய் விழும். அதனாலேயே இளைஞரிடம் அதனை ஒப்படைக்கத் தலைவர்கள் தயங்குவர். அவருடைய முதல் விக்கெட்டு இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்செலோ மெத்தியூஸ். ஆட்டம் தோற்றதென்று ஏடுகள் எழுதின. ரசிகரின் கணக்கேட்டில் அது தோல்விப் பக்கத்தில் பதியப்படவில்லை. பின்னர் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காகவும், 2024இல் இந்தியப் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகவும் அவர் ஆடினார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. பேரப்பிள்ளை ஒருவன் கேட்கக்கூடும்: “அப்பு, இதிலை எங்கட ஆக்கள் ஒண்டிரண்டு பேர்தானே. பிறகேன் எங்கட அணி எண்டு சொல்லுறியள்?” கேள்வி நியாயமானது. கல்லூரி ஆட்டங்களில் இவ்வையம் எழுவதில்லை. 1904ஆம் ஆண்டு தொடங்கி மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே மார்ச் மாதத்தில் நடந்துவரும் வடக்கின் பெரும் போரில் ஆடுபவர் யாவரும் அயற்பிள்ளைகள்; இன்னாரின் மகன், இன்ன வீதி என்று சொல்லிவிடலாம். இதுவோ விலைக்கு அமர்த்திய அணி. ஆண்டுக்காண்டு ஆட்கள் மாறுவர். 2021இல் உரிமையாளர் மாறியபோது பெயரும் மாறி, ஸ்டாலியன்ஸ் கிங்ஸ் ஆயிற்று. மாறாமல் நின்றது ஊர்ப்பெயர் ஒன்றே.

அப்பு சொல்லக்கூடிய விடையும் அதுதான்: “பேர் எங்கட பேர்தானே, மோனை.” இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. பல பத்தாண்டுகள் செய்திகளில் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தால் அதனையடுத்து வந்தவை குண்டுவீச்சும் இடப்பெயர்வும் இறந்தோர் தொகையும். அப்பெயரையடுத்து இத்தனை ஓட்டம், இத்தனை விக்கெட்டு என்று அறிவிப்பாளர் சொல்லக் கேட்பது அத்தலைமுறையின் செவிக்குப் புதியது. காலியிலும் மாத்தறையிலும் உள்ள சிங்கள இளைஞர் அப்பெயர் பொறித்த சட்டையை அணிந்து அதற்காக ஓடி விழுந்து பந்து தடுப்பதும் புதியதே. கூலிக்கு ஆடுகிறார்கள் என்பது உண்மை. கூலிக்கு வாசித்த வித்துவானின் தோடியும் தோடிதான்.

முதல் ஆட்டத்தைக் கொண்டு முடிவைக் கணிக்க முடியுமா என்றால், இவ்வணியின் வரலாறு முடியாதென்றே சொல்கிறது. 2020இல் நன்கு தொடங்கிய அணி பின்னர் தடுமாறி, முதற்சுற்றில் மூன்றாம் இடத்தையே பிடித்தது. ஆயினும் டிசெம்பர் 16இல் காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைப் பெற்றது. 2021இல் முதல் ஆட்டத்திலேயே அதே காலி அணியிடம் 54 ஓட்டங்களால் படுதோல்வி. அன்று தொலைக்காட்சியை அணைத்தவர்கள் பலராக இருத்தல் கூடும். இறுதியாட்டத்தில் எதிரே நின்றதும் காலி அணியே; யாழ்ப்பாணம் 201 ஓட்டங்கள் எடுத்து 23 ஓட்டங்களால் வென்றது. 2022இலும் கிண்ணம். 2023இல் முதல் ஆட்டத்தில் கொழும்பு அணியை வென்று நம்பிக்கை ஊட்டியவர்கள் இறுதியாட்டத்துக்கே வரவில்லை. 2024இல் நான்காம் முறை கிண்ணம் வந்தது. ஆதலால் முதல் ஆட்டத்தில் ரசிகர் பார்க்க வேண்டியது வெற்றி தோல்வியை அன்று. களத்தடுப்பில் எவர் எவரை நோக்கிக் குரல் கொடுக்கிறார், பிடி நழுவியபின் தலைவரின் முகம் எவ்வாறிருக்கிறது, கடைசி ஓவர்களை வீச ஆள் உண்டா என்பவற்றையே.

நான்கு முறை கிண்ணம் வென்ற அவ்வணி அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ள ஆகிய இடங்களே அதன் களங்கள். சொந்த மைதானமில்லாத சொந்த அணி என்பது பேஸ்போல் ரசிகருக்குச் சொன்னால் நம்பமாட்டார். அவருக்குப் பருவத்தின் தொடக்கமே ஊர் மைதானத்தின் கதவு திறக்கும் நாள்தான். 2025 இறுதியில் நடைபெறவிருந்த தொடரும் பிற்போடப்பட்டது. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றை அமைக்கும் பணி தொடக்கி வைக்கப்பட்டது. இணுவிலிலிருந்து அங்கே செல்வது எளிது. காங்கேசன்துறை வீதியில் பேருந்தேறி யாழ் நகரை அடைந்து, பண்ணைக் கடலின் மேலாகச் செல்லும் தாம்போதியைக் கடக்க வேண்டும். இரவு ஆட்டமாயின், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சி முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் முதற்பந்து வீசுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்.