வாட் கூடினால் வலு கூடுமா?

தென்காசியில் கணினி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். என்றதும் கேள்வி ஒன்றாகச் சுருங்கிவிடும்: எத்தனை வாட்? சில சமயம் அதுவும் இல்லை. கேபினெட்டோடு சேர்ந்து வருவதே போதும் என்று விட்டுவிடுவார்கள். கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு இது பெரிய குற்றமில்லை. ஆனால் 2011-இல் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்து, 2019-இல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் அங்கேயே குடியேறிய பிறகு, சொந்த ஊரில் இருந்தபடி மென்பொருள் வேலை பார்ப்பது இந்தப் பக்கத்தில் யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. நாள் முழுக்க வீட்டில் ஓடும் கணினி என்றால் அதன் சத்தமும் கரண்ட் செலவும் கணக்கில் வந்தே தீரும். இரண்டையும் தனித்தனித் தொல்லைகளாகப் பார்ப்பதுதான் வழக்கம். இரண்டுக்கும் மூலம் ஒரே வெப்பம்தான், பெரிய வாட் வாங்குவதால் அது குறையாது என்பது என் கட்சி.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வேலை. மாற்றும்போது ஒரு பங்கு சூடாகி வீணாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி, பிரௌசரும் எக்செல்லும் திறந்திருக்கையில் 50 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தருவதற்கு 85 சதவீதத் திறனுள்ள எஸ்.எம்.பி.எஸ். சுமார் 59 வாட் இழுக்கும். 65 சதவீதத் திறனுள்ளது 77 வாட் இழுக்கும். மீட்டரில் தெரியும் வித்தியாசம் 18 வாட். பெட்டிக்குள்ளோ முதலாவதில் 9 வாட் வெப்பம், இரண்டாவதில் 27, மூன்று மடங்கு. அதை வெளியே தள்ளத்தான் விசிறி. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பழைய ரகத்தின் 80 மி.மீ. விசிறி கிய்யென்று கத்துவதும், 120 அல்லது 140 மி.மீ. விசிறி அதே காற்றை நிதானமாகத் தள்ளுவதும் இதனால்தான்.

திறனுக்குச் சாட்சியாக அட்டைப்பெட்டியில் 80 பிளஸ் முத்திரை இருக்கும். 2004-இல் தொடங்கிய சான்றுமுறை அது. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்று படிகள் உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோதனை நடப்பது 20, 50, 100 சதவீதச் சுமைகளில். வீட்டுக் கணினிக்கான படிகளில் டைட்டானியத்துக்கு மட்டும் 10 சதவீதத்திலும் சோதனை உண்டு. நம் 50 வாட் என்பது 750 வாட் பெட்டிக்கு 7 சதவீதம்கூட இல்லை. 350 வாட் பெட்டிக்கு 14. சுமை இப்படி அடிமட்டத்துக்குப் போகப்போகத் திறன் சரிந்துகொண்டே போகும். ஆகவே தேவைக்கு மீறிய கோல்டைவிட அளவான பிரான்ஸ், பகல் முழுக்கக் குறைவாக வீணாக்கக்கூடும். நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு போட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். எந்தக் கார்டு என்று பெயர் சொல்ல முடிந்தால் 550, 650 என்று தாராளமாகப் போகலாம். எப்போதாவது போடுவேன் என்பவருக்கு அந்த எப்போதாவது வருவதற்குள் எஸ்.எம்.பி.எஸ்.ஸே மாற்ற வேண்டிய வயதுக்கு வந்திருக்கும். போதாததற்கு, பெயரில்லாத சரக்கில் அச்சிட்ட வாட்டை அப்படியே நம்பவும் முடியாது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள்: அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், மேலே 450 என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைக்கப்போவது 192 வாட்தான்.

80 பிளஸ் சோதனை அறையின் வெப்பநிலை சுமார் 23 டிகிரி செல்சியஸ். சீசனில் குற்றாலத்துக் காலைப்பொழுதுக்கு அது பொருந்தலாம். சித்திரை மதியத்துத் தென்காசி மாடி அறைக்குப் பொருந்தாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் முதலில் தளர்வது பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது வழக்கமான விதி. எனவே முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தருவதாக உத்தரவாதம் சொல்லும் மாடலும், 105 டிகிரி கப்பாசிட்டரும் இங்கே ஆடம்பரமல்ல. விசிறியே இல்லாத ரகம் சத்தத்தில் பூஜ்யம்தான். ஆனால் விலை அதிகம், வேனலில் அதற்குக் கேபினெட்டின் காற்றோட்டத்தை நம்பித்தான் பிழைப்பு. குறைந்த சுமையில் நின்று, சூடேறினால் மட்டும் சுற்றும் விசிறி இதற்கு நடுவழி. சாரல் மாதங்களில் இன்னொரு வம்பு. வேகமாகச் சுற்றும் விசிறி தூசியையும் அதிகமாக இழுக்கும். ஈரக்காற்றில் அந்தத் தூசி போர்டின் மேல் களிம்பாக ஒட்டிக்கொள்ளும். கதகதப்பைத் தேடி நுழையும் பல்லியைத் தடுக்க எந்த முத்திரையும் உதவாது, பின்பக்க ஸ்லாட்டுகளை மூடித்தான் வைக்க வேண்டும்.

தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடும்போது எஸ்.எம்.பி.எஸ். சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்பது நியாயமான கேள்விதான். சீலிங் ஃபேன் சத்தம் கீழ் சுருதியில் பரவலாக வருவது, காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும். சின்ன விசிறியின் மேல் சுருதி ஒரே இழையாகத் துளைக்கும்; மேசைமேல் மைக் வைத்து மீட்டிங் பேசுபவருக்கு அது எதிர்முனையிலும் கேட்கும். பணக் கணக்கில் மட்டும் எதிர்த்தரப்புக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். 18 வாட், நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்றால் 54 யூனிட். இரு மாத பில்லுக்கு 9 யூனிட். முதல் 100 யூனிட் இலவசமான வீட்டு இணைப்பில் இதைக் காட்டி கோல்டு வாங்கச் சொல்ல மாட்டேன். பிரான்ஸ் போதும்.

மிச்சம் உறைப்பது கரண்ட் போகும்போதுதான். ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்தால், காற்றாலைகள் சூழ்ந்த ஊர் என்பதற்காக வீட்டில் விளக்கு எரியாது. பேட்டரியில் ஓடும்போது அந்த 18 வாட், வேலை நேரத்தில் கை வைக்கிறது. பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத மலிவுப் பெட்டி, 0.6 என்ற கணக்கில், 77 வாட்டுக்கு 128 வி.ஏ. பிடித்துக்கொள்ளும், 59 வாட் இழுக்கும், 0.95 உள்ள நல்ல பெட்டிக்கு 62 போதும். 600 வி.ஏ. யு.பி.எஸ். வைத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். ஒரு சிக்கலும் உண்டு: இந்தத் திருத்தம் உள்ள சில எஸ்.எம்.பி.எஸ்.கள் பழைய சதுர அலை இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல், மாறும் நொடியில் அணைந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் தொல்லை குறைவு. எதுவானாலும், வாங்கிய அன்றே மெயினை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது, கடைக்காரர் மாற்றித் தரச் சம்மதிக்கும் நாட்களுக்குள்.