தவறு வாசலிலேயே தடுக்கப்பட வேண்டும்

மருந்தகம் ஒன்றின் அலுமாரியில் போத்தல்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றின் மீதும் 'மருந்து' என்ற ஒரு சொல் மாத்திரமே ஒட்டப்பட்டிருக்குமானால் அம்மருந்தகத்தை நாடிச் செல்ல எவரும் துணியமாட்டார்கள். உள்ளே இருப்பது பரசிட்டமோலா அல்லது இருதய நோய்க்கான மாத்திரையா என்பதைப் போத்தலைத் திறப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். உலகில் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் கணினி மொழிகளுள் ஒன்றான ஜாவா, எட்டு வருடங்களுக்கும் மேலாக இத்தகைய போத்தல்களுடனேயே இயங்கி வந்தது என்பது வியப்புக்குரியது.

இது கணினித்துறை சார்ந்தோருக்கு மாத்திரம் உரிய விடயமென ஒதுக்கிவிட முடியாது. வங்கிக் கணக்குகள், வைத்தியசாலைப் பதிவேடுகள், பரீட்சைப் பெறுபேறுகள் யாவும் இன்று மென்பொருட்களின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் நேரும் தவறின் சுமையை நிரல் எழுதியவர் ஏற்பதா, கருமபீடத்தின் முன்னால் காத்திருக்கும் பொதுமகன் ஏற்பதா என்பதே இங்குள்ள கேள்வியாகும்.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு வகை உண்டு. நோயாளி ஒரு வகை, மருந்து இன்னொரு வகை, திகதி வேறொரு வகை. ஒரே வகையைச் சேர்ந்த பலவற்றை ஒன்றாக வைத்திருப்பதற்கான கொள்கலன்களே தொகுப்பு வகுப்புகள் எனப்படுகின்றன. 1996 இல் ஜாவாவின் முதலாவது பதிப்பு வெளியானபோது அதன் கொள்கலன்கள் எதனையும் ஏற்றுக்கொள்வனவாக இருந்தன. 1998 இல் அவை விரிவாகச் சீரமைக்கப்பட்டபோதிலும் இக்குறை நீங்கவில்லை. நோயாளிகளின் பட்டியலில் தவறுதலாகத் திகதியொன்றை இட்டாலும் கொள்கலன் மறுப்புத் தெரிவிக்காது. அதனை வெளியே எடுத்து 'இவர் ஒரு நோயாளி' எனக் கருதிப் பயன்படுத்த முனையும் வேளையிலேயே மென்பொருள் தடுமாறி நின்றுவிடும்.

இதிலுள்ள உண்மையான ஆபத்து யாதெனில், தவறு நிகழும் இடமும் அது வெளிப்படும் இடமும் வெவ்வேறாக இருப்பதாகும். தவறான பொருளை உள்ளே இட்ட நிரல்வரி எவ்விதத் தடையுமின்றிக் கடந்து சென்றுவிடுகின்றது. நாட்கள் பல கழிந்து, வேறொருவர் எழுதிய வரியில், பயனாளரின் கண்முன்னே கோளாறு வெடிக்கின்றது. குற்றமிழைத்தவர் ஒருவராகவும் தண்டிக்கப்படுபவர் இன்னொருவராகவும் இருக்கும் ஏற்பாட்டை எந்தத் துறையிலும் நீதியானதென ஏற்க முடியாது.

இதற்கான பரிகாரம் புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பார்பரா லிஸ்கோவ் தலைமையில் 1970களில் உருவான 'குளு' என்னும் மொழியிலேயே, கொள்கலனுக்குள் இடப்படும் பொருளின் வகையை முன்கூட்டியே குறிப்பிடும் வசதி இருந்தது. 1998 இல் கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமையர், பிலிப் வாட்லர் ஆகிய நால்வர் இதனை ஜாவாவிலும் சேர்ப்பதற்கான திட்டத்தை முன்வைத்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் வெளியான ஜாவா 5 பதிப்பு இவ்வசதியைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் 'நோயாளிகளின் பட்டியல்' என அறிவிக்கப்பட்ட கொள்கலனுக்குள் திகதியை இட முயன்றால், நிரலை பைட்கோடாக மாற்றும் கம்பைலர் அதனை ஏற்க மறுத்துவிடும். மென்பொருள் ஒரு தடவையேனும் இயங்குவதற்கு முன்னரே தவறு பிடிபட்டுவிடுகின்றது.

எனினும் லேபல் ஒட்டுவதுடன் பணி முடிந்துவிடுவதில்லை. பரசிட்டமோல் போத்தலை 'மருந்துப் போத்தல்' என அழைக்கலாமா? அதிலிருந்து எடுப்பது மாத்திரமே நோக்கமெனில் அழைக்கலாம். ஏனெனில் வெளியே வருவது எப்படியும் ஒரு மருந்தே. ஆனால் உள்ளே இடவும் அனுமதித்தால், 'மருந்துதானே' என்று வேறு மாத்திரைகளையும் எவரேனும் போட்டுவிடக் கூடும். ஜாவாவின் ஆரம்பகால அணிகள் இந்த நுட்பத்தைக் கவனத்திற்கொள்ளவில்லை. அதனால் அணிகளில் நேரும் இத்தகைய தவறு இன்றும் இயங்கும் வேளையிலேயே வெளிப்படுகின்றது. புதிய கொள்கலன்களிலோ எடுப்பதற்கான அனுமதியும் இடுவதற்கான அனுமதியும் தனித்தனியே குறிப்பிடப்படுகின்றன.

ஆயினும் ஜாவா ஒரு சமரசத்தைச் செய்துகொண்டது. பழைய மென்பொருட்கள் புதியவற்றுடன் இணைந்து இயங்க வேண்டும் என்பதற்காக, சரிபார்ப்பு முடிந்ததும் லேபல் அகற்றப்பட்டுவிடுகின்றது. இயங்கும் வேளையில் நோயாளிகளின் பட்டியலுக்கும் திகதிகளின் பட்டியலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சி ஷார்ப் மொழி 2005 இல் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. இயங்கும்போதும் லேபல் நிலைத்திருக்குமாறு செய்து, பழைய கொள்கலன்களைத் தனியாகவும் புதியவற்றைத் தனியாகவும் வைத்தது. முன்னையது பழையதை அரவணைத்தது. பின்னையது உறுதியை நாடியது. இரண்டுக்கும் விலை உண்டு.

ஜாவாவில் பழைய பாணி நிரலின் ஊடாகத் தவறான பொருள் இன்றும் உள்ளே நுழைய முடியும். அவ்வேளையில் கம்பைலர் தடுப்பதில்லை; எச்சரிக்கை மாத்திரமே விடுக்கின்றது. அவ்வெச்சரிக்கையை மௌனிக்கச் செய்யும் வசதியும் அம்மொழியிலேயே உண்டு. அவசரத்தில் அதனை நாடுவோர் பலர். பழைய நிரலுடன் இணைய வேண்டிய கட்டாயம் இருப்பின், பொருள் உள்ளே இடப்படும் கணத்திலேயே வகையைச் சோதிக்கும் காவற் கொள்கலன்களை ஜாவா 5 முதல் பயன்படுத்த முடியும் என்பதை அத்தகையோர் நினைவிற்கொள்வது நன்று.

2009 இல் அறிமுகமான 'கோ' மொழி இவ்வசதியின்றியே வெளிவந்து, 2022 இலேயே அதனைச் சேர்த்துக்கொண்டது. எளிமையின் பெயரால் தள்ளிவைக்கப்படும் ஒழுங்கு, என்றோ ஒருநாள் வாசலைத் தட்டியே தீரும் என்பதற்கு இது சான்றாகும்.

கலைத்துறையில் கற்ற எமக்கு இதில் தெரிவது பழகிய உண்மையொன்றே. பொறுப்பு ஆரம்பத்தில் தெளிவாக வரையறுக்கப்படாவிடின், அதன் விளைவு கடைசியில் நிற்பவரின் தலையிலேயே விழும். மென்பொருள் துறையில் காலடி வைக்கும் எமது இளைஞர், யுவதிகள் கம்பைலரின் மறுப்பைத் தொல்லையாகக் கருதாது, தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒரு பயனாளரின் சார்பில் எழுப்பப்படும் குரலாகவே கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.