முந்தானையில் முடிந்த ஜீப் சாவி! சிலமலை கறி விருந்தில் அம்மாச்சி போட்ட சட்டம்

கறி வெந்து விட்டது. பந்தி விரித்தாயிற்று. இலையும் போட்டாயிற்று. ஆனால் பத்துப் பன்னிரண்டு இலைகளுக்கு முன்னால் ஆள் இல்லை!

போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போகும் சாலையில் உள்ள சிலமலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த காதுகுத்து விருந்தில்தான் இந்தக் காட்சி. ஆட்கள் எங்கே போனார்கள்? எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் பின்னால் உள்ள தோப்புக்குப் போயிருந்தார்கள்.

தேனி மாவட்டத்தில் காதுகுத்து என்றால் சின்ன விசேஷம் அல்ல. கல்யாணத்துக்கு அடுத்தது அதுதான். கிடா வெட்டுவார்கள். மொய் எழுதுவார்கள். தாய்மாமன் சீர்த் தட்டுடன் வருவார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார். அவர் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் இல்லாமல் காதுகுத்து இல்லை.

அன்று காணாமல் போனவர்களில் அந்தத் தாய்மாமனும் ஒருவர்!

"மாமா எங்கம்மா?"

பட்டுப் பாவாடை கட்டிய பெண் குழந்தைக்கு வயது 4 இருக்கும். மொட்டை அடித்து சந்தனம் பூசியிருந்தார்கள். "மாமா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்தா வந்துருவாரு தங்கம்" என்றார் தாய்.

ஆசாரி கம்மலையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்ல நேரம் போகுது தாயி" என்று இரண்டு தடவை சொல்லி விட்டார்.

அப்போதுதான் அம்மாச்சி எழுந்தார். குழந்தையின் தாயைப் பெற்றவர். வயது 65-ஐத் தாண்டும். இருபது வருடத்துக்கு மேல் மலையில் ஏலக்காய் பறித்தவர். விடியற்காலையில் இருந்து அடுப்படியில் நின்று, மசாலா அரைத்து, குழம்பு வைத்தவரும் அவர்தான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் தோப்பைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே நிருபரும் போனார்.

தோப்புக்குள் அம்மாச்சி

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில்கள் முந்தின நாளே வாங்கி வைத்தவை. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தானே திறக்கும்! கடித்துக்கொள்ள கடலையும் ஊறுகாயும் இருந்தன. நூறு அடி தூரத்தில் அண்டா நிறையக் கறி. இங்கே வெறும் வயிற்றில் பிராந்தி!

"ஆத்தா, ஒரே நிமிஷம். இந்தா வந்துட்டோம்" என்று ஒருவர் எழுந்தார்.

அம்மாச்சி மகனை மட்டும் பார்த்தார். "கறி ஆறிப்போச்சு. பிள்ளை அழுதுக்கிட்டுக் கெடக்கு. தாய்மாமன் மடி எங்கடா இருக்கு?" என்று கேட்டார்.

மகன் பதில் பேசவில்லை. சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். வழியில் நாலு ஏலக்காயை வாயில் போட்டு மென்றார். போடிப் பக்கம் ஏலக்காய்க்குப் பஞ்சமா? ஆனால் குழந்தையின் மூக்கை ஏமாற்ற முடியவில்லை.

"வா மருமகளே" என்று கை நீட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மாமா வாயி நாறுது" என்றது.

பந்தலில் ஒரு சத்தம் இல்லை. மைக் செட்காரர் மட்டும் பாட்டை நிறுத்தாமல் ஓட விட்டுக்கொண்டிருந்தார்.

மாமன் போய் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, திரும்பி வந்தார். அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் காது குத்தியது.

முக்கால் மணி நேரம்

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சோறு, எலும்புக் குழம்பு, குடல் வறுவல், ரத்தப் பொரியல், ரசம், மோர். கடைசியில் ஆளுக்கு ஒரு கொத்து பன்னீர் திராட்சை. நிருபருக்கும் இலை போட்டார்கள்.

மாமனும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கதை பேசிச் சிரித்தார்கள். எலும்பில் உள்ள மூளையை உறிஞ்சுவதில் போட்டி! காது குத்திய வலியை மறந்து குழந்தையும் சிரித்தது. அந்த முக்கால் மணி நேரம்தான் விருந்து. மற்றதெல்லாம் செலவு.

'ஒயின் ஷாப்'பில் ஒயின் எங்கே?

சாப்பாட்டோடு குடிக்கிற நாடுகள் இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. பிரான்சு நாட்டில் பிறப்பு, கல்யாணம் போன்ற விசேஷங்களில் சொந்தமும் நட்பும் கூடி, வரிசையாகப் பரிமாறி, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஏற்ற ஒயினுடன் சாப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. அந்த விருந்து முறையை யுனெஸ்கோ 2010-ம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கவனியுங்கள். பட்டியலில் சேர்ந்தது பாட்டில் அல்ல, கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம்!

நம் ஊரில் ஒயினுக்கு வேண்டிய திராட்சை இல்லையா? அதுவும் உண்டு. பக்கத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகத்தை 1832-ம் ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். தேனி மாவட்டத்திலேயே ஒயின் ஆலையும் தொடங்கப்பட்டது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். தனியார் மதுக்கடை நடத்திய காலத்தில் அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'ஒயின் ஷாப்'. 2003-ம் ஆண்டு முதல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. பெயர் இன்னும் மாறவில்லை. 'ஒயின் ஷாப்'புக்குப் போய் ஒயின் கேட்கிறவர் எத்தனை பேர்? கேட்பதெல்லாம் பிராந்தியும் பீரும்தான்!

வீட்டிலேயே திராட்சையைப் புளிக்க வைக்கலாமே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

ஒரு குவார்ட்டர் கணக்கு

ஒயினில் சாராயச் சத்து சுமார் 12 சதவீதம். பிராந்தியில் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. 150 மில்லி கிளாஸ் கணக்கில் பார்த்தால், 4 கிளாஸ் ஒயினுக்கு மேல்! அதை அரை மணி நேரத்தில், வெறும் வயிற்றில், மறைவாக நின்று ஊற்றிக்கொள்கிறார்கள். சோறு இறங்கும் முன் குடித்தால் போதை வேகமாக ஏறும்.

ஏறியது எப்போது இறங்கும்? நம் ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரு குவார்ட்டர் முழுவதும் வெளியேற 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலருக்கு 8 மணி நேரம்கூட ஆகும். குளித்தாலும், மோர் குடித்தாலும், கடுங்காப்பி குடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒயின் என்றால் மட்டும் நல்லதா? மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லி விட்டது.

இந்தக் கணக்கெல்லாம் அம்மாச்சிக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வேறு ஒரு கணக்கு தெரியும்.

17 கொண்டை ஊசி வளைவு

தாய்மாமன் ஜீப் டிரைவர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் கேரளாவுக்குப் போகிறவர். போடிமெட்டு பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம். அதிகாலையில் பனி வேறு இறங்கும்.

விருந்து நாள் இரவு கூட்டாளிகள் மறுபடியும் கூடினார்கள். மாமனும் போனார். வீடு திரும்பும்போது மணி 11 ஆகி விட்டது. ஆணியில் மாட்டியிருந்த ஜீப் சாவியைத் தேடினார். இல்லை!

அம்மாச்சி திண்ணையில் படுத்திருந்தார். முந்தானையில் ஒரு முடிச்சு. அதற்குள் சாவி!

"காலையில 5 மணிக்கு வண்டி எடுக்கணும்மா" என்றார் மகன்.

"நீ எடுக்க வேணாம்" என்றார் தாய்.

"ஒரு நாள் வாடகை போயிரும்."

"போகட்டும்."

மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி முதல் தடவை பிடிபட்டால் ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரவு 11 மணிக்கு நிறுத்திய குடி விடியற்காலை 5 மணிக்கும் ரத்தத்தில் இருக்கலாம். "நேத்துக் குடிச்சது சார்" என்று சொன்னால் போலீஸ் விடாது. பள்ளமும் விடாது.

விடியற்காலையில்...

திங்கட்கிழமை காலை பெண்கள் தூக்குவாளியுடன் வந்து நின்றார்கள். அம்மாச்சி சாவியைக் கொடுக்கவில்லை. பக்கத்துத் தெரு ஜீப்பை வரச் சொல்லி அனுப்பினார். பெண்கள் அதில் ஏறிப் போனார்கள். மகன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மேல் கோபம் இல்லையா என்று நிருபர் கேட்டார்.

"கோபம் இல்லாம இருக்குமாண்ணே? ஆயிரக்கணக்குல போச்சு. கூட்டாளிக எல்லாம் கேலி பேசுறாங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆனா அந்த வண்டியில ஏறுறது யாருண்ணே? முன் சீட்டுல உட்காருறது எங்க அக்கா. நேத்துக் காது குத்துன பிள்ளையோட அம்மா."

அம்மாச்சி இப்போது வீட்டில் இரண்டு சட்டம் போட்டிருக்கிறார். ஒன்று: விசேஷ வீட்டில் முதல் பந்தியில் ஆம்பளைகளும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார வேண்டும். சாப்பிடாமல் யாரும் தோப்புப் பக்கம் போகக்கூடாது. இரண்டு: குடித்த ராத்திரி சாவி அம்மாச்சி முந்தானையில். மறுநாள் வண்டி இல்லை.

"குடிக்காதேன்னா கேக்கவா போறான்? சோத்தை விட்டுட்டு ஓடாதேன்னுதான் சொல்றேன். வயிறு நெறைஞ்சு, பிள்ளை மடியில உட்கார்ந்திருந்தா, எந்திரிச்சுப் போக மனசு வராது தம்பி" என்றார் அம்மாச்சி.

அடுத்த மாதம் அந்தத் தெருவில் இன்னொரு காதுகுத்து. கிடா பேசி விட்டார்கள். அந்த வீட்டுக்காரம்மா அம்மாச்சியிடம் வந்து கேட்டது, எத்தனை கிலோ அரிசி போட வேண்டும் என்று அல்ல. "அக்கா, சாவியெல்லாம் நீங்களே வாங்கி வச்சுக்கிறீங்களா?" என்றுதான்!