‘தெரியாதவர்’ என்றால் யார்?

‘தெரியாதவர்களோடு பேசாதே’ என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆட்டிசம் உள்ள ஒரு 13 வயதுப் பையனிடம் சொன்னால் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பான். சிக்கலே அங்கேதான். ஆன்லைன் விளையாட்டில் ஒருவர் ‘ஹாய்’ என்கிறார், பெயரைச் சொல்கிறார், ஊரைச் சொல்கிறார். நான்காம் நாள் அவர் எப்படித் ‘தெரியாதவர்’ ஆவார்? பையனின் கணக்கில் பிழை இல்லை. நாம் கொடுத்த விதியில்தான் ஓட்டை.

எதிரில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதும் அவனுக்குக் கடினமாக இருக்கலாம். 1985இல் லண்டன் உளவியலாளர்கள் ஒரு பொம்மை விளையாட்டின் மூலம் இதைச் சோதித்தார்கள். பொம்மைகள் இரண்டு: சாலி, ஆன். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அந்த நேரத்தில் ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் ‘பெட்டியில்’ என்றார்கள். தங்களுக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. மனதில் ஒன்று, வெளியில் ஒன்று என்று நடமாடும் இணைய ஏமாற்றுக்காரருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மீதி 4 பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்டிசம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

அதே சோதனையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். ஆனால் அவர்களைப் போல அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் வேறொரு ஆபத்து உண்டு. பெரியவர் எது கேட்டாலும் ‘சரி’ என்று தலையாட்டவே நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். ‘நல்ல பிள்ளை’ என்று நாம் தட்டிக்கொடுத்த அந்தக் குணத்தைத்தான் இணையத்தில் போட்டோ கேட்பவன் பயன்படுத்திக்கொள்கிறான்.

ஆகவே விதி கண்ணால் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ‘இவர் நம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு பேசியிருக்கிறாரா? இல்லையென்றால் போட்டோ அனுப்பக் கூடாது. யாராவது போட்டோ கேட்டால் உடனே அம்மாவிடம் காட்டு.’ சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அப்பாவே இன்னொரு போனிலிருந்து ‘ஹாய்’ அனுப்பி, வாரம் இரண்டு முறை நாடகம் போல ஒத்திகை பார்க்க வேண்டும். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் இதை உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி படக்கதையாக வரைந்துதரச் சொல்லலாம்.

‘போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் தீர்ந்தது’ என்பவர்கள் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்குப் போன்தான் வாய். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலிகளில் படத்தைத் தொட்டுத்தான் அவர்கள் ‘பசிக்கிறது’ என்கிறார்கள். அந்தப் படப்பலகையை ஒருமுறை திறந்து பாருங்கள். இட்லி இருக்கும், பேருந்து இருக்கும், யானைகூட இருக்கும். மார்பு, பிறப்புறுப்பு, ‘ரகசியம்’, ‘பிடிக்கவில்லை, நிறுத்து’ இருக்கின்றனவா? பலகையில் இல்லாத சொல்லை வைத்து எந்தப் பிள்ளையாலும் புகார் சொல்ல முடியாது. தவிர, சொன்ன அன்றே போன் பறிபோனால் அடுத்த முறை பிள்ளை சொல்லவும் போவதில்லை.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் எதையும் அழிக்காதீர்கள். ஏமாற்றியவரின் கணக்குப் பெயர், எண், சாட் எல்லாம் ஆதாரம். ஆபாசப் படத்தை ஆலோசனை கேட்பதற்காகக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யக் கூடாது; அதுவே குற்றமாகிவிடும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் போயிருந்தால் 1930.

போலீசில் சொன்ன பிறகு, படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடப்படும் ‘ஹேஷ்’ என்ற எண்கோவை, கைரேகை மாதிரி, அது மட்டுமே போகும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை ஒப்பிட்டுப் படத்தை நீக்கும். மறையாக்கம் செய்யப்பட்ட வாட்ஸ்அப் சாட்டுக்குள் இது எட்டாது.

போலீசில் பிள்ளை கொடுக்கும் வாக்குமூலம் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளை இருக்கும் வீட்டிலேயோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி அதைப் பதிவுசெய்ய வேண்டும். பிரிவு 26 இன்னும் ஒருபடி மேலே போகிறது: மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் சிறப்பாசிரியரையோ, அதன் பேச்சுமுறை தெரிந்தவரையோ உடன் வைத்துக்கொள்ளலாம். அதிகாரியிடம் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் படப்பலகையும் அன்று சார்ஜ் போட்டுத் தயாராக இருக்கட்டும்.