எல்லாப் புள்ளியும் தசமப் புள்ளி அல்ல!

5.6 கிலோ என்றால் 5 கிலோ 600 கிராம். ஆனால் ஒருவர் தன் உயரம் ‘5.6’ என்றால், அவர் சொல்வது 5 அடி 6 அங்குலம். அதாவது ஐந்தரை அடி. கிரிக்கெட் ஸ்கோரில் 5.6 ஓவர் என்று பொதுவாக எழுதுவதில்லை. ஆறாவது பந்து வீசியதும் அது 6 ஓவர் ஆகிவிடும். எழுதுவது ஒரே மாதிரிதான், அர்த்தம்தான் வேறு!

கணக்கில் நன்றாக மார்க் வாங்கும் பிள்ளைகள்கூடச் சறுக்குவது இங்கேதான். 10.3 ஓவரில் 84 ரன். ரன் ரேட் எவ்வளவு? கால்குலேட்டரில் 84ஐ 10.3ஆல் வகுத்தால் 8.16 என்று வரும். அது தவறு. ஓவருக்கு 6 பந்து. 3 பந்து என்பது 3/6, அதாவது அரை ஓவர். எனவே 84ஐ 10.5ஆல் வகுக்க வேண்டும். விடை, சரியாக 8.

சூத்திரம் எளிது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை, முழு ஒன்றில் எத்தனை பங்கு உண்டோ அதன்மேல் வைத்துப் பின்னமாக எழுதுங்கள். 6 அங்குலம் 6/12. 3 பந்து 3/6. 30 நிமிடம் 30/60. மூன்றுமே அரைதான், தசமத்தில் 0.5. ஒன்றரை மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் போன வண்டியின் வேகம் காண, 1.30ஆல் அல்ல, 1.5ஆல் வகுக்க வேண்டும். விடை மணிக்கு 40 கிலோமீட்டர்.

அடுத்த குழப்பம்: 0.3 பெரிதா, 0.25 பெரிதா? 25 பெரிய எண்ணாயிற்றே என்று பல பிள்ளைகள் 0.25 என்பார்கள். 0.3க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0.30 ஆக்கினால் உண்மை தெரிந்துவிடும். காய்கறிக் கடைத் தராசில் 0.300 என்றால் 300 கிராம், 0.250 என்றால் கால் கிலோ.

கூட்டலுக்கும் கடைக் கணக்கே துணை. 1/2 + 1/4 எவ்வளவு? மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டினால் 2/6 வரும். அது அரையைவிடக் குறைவு! அரை கிலோவோடு கால் கிலோ சேர்ந்தால் முக்கால் கிலோ என்பது காய் வாங்கப் போகும் குழந்தைக்கே தெரியும்.

மார்க் போனால் அடுத்த பரீட்சையில் வாங்கிவிடலாம். மருந்தில் அப்படி முடியாது. குழந்தைக்கு 2.5 மி.லி. சிரப் என்பதில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 25 மி.லி.; பத்து மடங்கு! அதனால்தான் மருந்துச் சீட்டில் .5 என்று எழுதாமல் 0.5 என்றும், 5.0 என்று எழுதாமல் வெறும் 5 என்றும் எழுத வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சந்தேகம் வந்தால் மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேட்டுவிட்டே கொடுங்கள். அளப்பதற்கு மருந்தோடு வரும் அளவுக் கருவியே சரி. சமையலறை ஸ்பூன் வேண்டாம்.