துளசியின் காரம் எங்கிருந்து வருகிறது?

ஜன்னலோர நிழலில் வளர்ந்த துளசியில் ஓர் இலை, நாள் முழுக்க வெயில் விழும் கொல்லையிலிருந்து ஓர் இலை. இரண்டையும் கசக்கி முகர்ந்து பாருங்கள். முதலாவது அகலமாக, மெத்தென்று இருக்கும். மணம் மட்டும் மட்டு. இரண்டாவது சிறுத்து முரடாக இருந்தாலும் வாசனை மூக்கில் ஏறும்.

அந்தக் காரத்துக்குப் பெரும்பாலும் காரணம் யூஜெனால். கிராம்பில் இருப்பதும் இதே பொருள்தான். லென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பளபளக்கும் பொட்டுகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி தனக்கென்று சேர்த்துவைக்கும் சரக்கு அந்த எண்ணெய். செல்லமாக வளர்க்கப்படும் செடிக்கு அந்தச் சரக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சிலையில் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். முழு வெயிலில் யூஜெனால் கூடுகிறது. அடர்நிழலில் அது குறைந்து மெத்தில் யூஜெனால் மேலோங்குகிறது. உணவில் தனியாகச் சேர்க்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் தடுத்திருக்கும் பொருள் அது. புற ஊதாக் கதிர் எட்டாத கண்ணாடிக் கூடத்தில் சுரப்பிகள் சரியாக நிரம்புவதுகூட இல்லை. தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை தளதளக்கிறது, ரோஸ்மாரினிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் குறைகின்றன. தண்ணீரை லேசாகக் குறைத்தால் எண்ணெயின் அடர்த்தி ஏறும். அளவுக்கு மீறி வாட்டினால் பறிக்க இலையே இருக்காது.

எல்லா இலைக்கும் வெயில்தான் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் கியோகுரோ தேயிலையைப் பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பிருந்தே பந்தல் போட்டு மூடுகிறார்கள். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின், வெயில் பட்டால் துவர்ப்புள்ள கேட்டகின்களாக மாறிவிடும். அவர்களுக்கு வேண்டியது தியானின் தரும் இன்சுவை.

துளசியில் நமக்கு வேண்டியது காரம். அப்படியிருக்க, வியாபாரி காய்ந்த இலைக்குக் கிலோக் கணக்கில் மட்டும் விலை வைத்தால் விவசாயி யூரியாவைக் கூட்டி எடையைத்தான் பெருக்குவார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் யூஜெனால் மிகுந்த ‘சிம்-ஆயு’ ரகத்தையே உருவாக்கித் தந்திருக்கிறது. அதை நட்டு, வெயிலில் வளர்த்து, பூக்கும் பருவத்தில் பறித்து, எண்ணெய் பறந்துவிடாமல் நிழலில் உலர்த்துகிறவருக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும். கொள்முதலின்போதே எண்ணெய்ச் சத்தை அளந்துவிடலாம். வாலை வடித்தாலே தெரிந்துவிடும்.